ஏழாம் தட்டில் கிடைத்த பல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் பல்லைத் தவிர. அங்கே குகையில் நீங்களும் வௌவால்களும் நலமென்று நம்புகிறேன்.

சுண்ணாம்புக் குகையில் அந்தக் காலத்து மிருகங்களின் எலும்பு தேடுவது உங்கள் தொழில், குறை சொல்லவில்லை. ஆனால் பாறை கரைந்து பல் வெளியே வரட்டும் என்று, கட்டி கட்டியாக என் குளியலறையில் பத்துத் தட்டுகளில் வினிகரில் ஊறப் போட்டீர்களே, அங்கே பிடித்தது சனி. மூன்று மாதமாக நான் கொல்லைக் குழாயடியில் குளிக்கிறேன். கதவைத் தட்டினால் உங்கள் மாமியார், "எலும்பு ஊறுது, சத்தம் போடாதீங்க" என்கிறாள், உள்ளே குழந்தை தூங்குகிற மாதிரி.

இந்த லட்சணத்தில் போன மாதம் பல் டாக்டர் என் கடைவாய்ப் பல்லை மூன்று தரம் இழுத்து, வேரை உடைத்துப் பிடுங்கினார். வலி அப்படியே இருக்கிறது. தப்பான பல்லைப் பிடுங்கிவிட்டாரோ என்று சந்தேகப்பட்டு, சாட்சிக்கு இருக்கட்டும் என்று பல்லைக் கேட்டு வாங்கி வந்தேன். முப்பது வருஷம் பார்சல் ஆபீசில் சீட்டு ஒட்டாமல் ஒரு சாமானை நகர்த்தாதவன் நான். அன்றைக்கு வாய் மரத்து, தலை சுற்றி, பல்லை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. முகம் கழுவக் குளியலறைக்குப் போனது மட்டும் ஞாபகம். மறுநாள் நீங்கள் வந்து தட்டுகளை வடிகட்டி, கிடைத்த பற்களை அள்ளிக்கொண்டு போனீர்கள்.

இப்போது எழுதுகிறீர்கள், ஏழாம் தட்டில் மான், பன்றிப் பற்களுக்கு நடுவே ஒரு மனிதப் பல், பல்லாயிரம் வருஷத்தது, குகைக்கு எலும்பை இழுத்துவந்து கொறிக்கும் முள்ளம்பன்றி அதன் வேரைக் கடித்திருக்கிறது, வெள்ளிக்கிழமை அறிஞர்கள் கூட்டத்தில் அறிவிக்கப் போகிறேன் என்று. மாப்பிள்ளை, அது முள்ளம்பன்றி இல்லை, பல் டாக்டர். பத்து வருஷம் குகையில தவழ்ந்து தவழ்ந்து மாமனார் பல்லைக் கண்டுபிடிச்சார்னு நாலு பேர் சிரிச்சா, என் பொண்ணு வெளியில தலை காட்ட முடியுமா? உங்க வேலைதான் என்னாகும்?

அங்கே போன் எடுக்காது, உங்களுக்குக் கடிதம் கொண்டுவரும் ஜீப்பையும் நம்ப முடியாது. அதனால் நேற்று நானே உங்கள் மியூசியம் தலைவரைப் பார்த்து விஷயத்தைச் சொல்லி, வாயையும் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு, மூடிக்கொள்ளச் சொன்னார். உங்கள் பேச்சை ரத்து செய்துவிட்டார். கோபிக்காதீர்கள், உங்கள் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன்.

கால் வழுக்காமல், தலை இடிக்காமல் வேலை முடித்துத் திரும்பிவர ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: ஜீப் டிரைவர் வாசலில் ஹாரன் அடிக்கிறார். இதைப் போட உறை எடுக்கலாம் என்று உறைப் பெட்டியைத் திறந்தால், அடியில் ஒரு பொட்டலம். மேலே என் கையெழுத்தில் சீட்டு: "கீழ்வாய், வலது, கடைசி. சாட்சி." மரத்துப்போன வாயோடும் சீட்டு ஒட்டித்தான் இருக்கிறேன். உள்ளே என் பல், உடைந்த வேரோடு. அப்படியானால் உங்களுடையது நிஜமாகவே முள்ளம்பன்றிதான். பொட்டலத்தோடு இப்போதே தலைவரிடம் ஓடுகிறேன், காலில் விழுந்தாவது உங்கள் பேச்சை மறுபடி வைக்கச் செய்துவிடுவேன். குளியலறை எத்தனை வருஷமானாலும் உங்களுக்கே. மன்னித்துவிடுங்கள் மாப்பிள்ளை. வலி இன்னும் விடவில்லை. ஆக, தப்பான பல்லைப் பிடித்து இழுத்தது டாக்டர் மட்டும் இல்லை.