அசலில் ஒரு மேகம் குறைவு

ஏரிகள் துறையில் பதினோரு வருடமாகத் தற்காலிகமாகவே இருந்து பழகிவிட்ட படக்காரருக்கு, நிரந்தரமாகும் யோகம் ஒரு போட்டியின் உருவில் வந்தது. துறையின் சுற்றறிக்கை சொன்னது: ‘மலையும் நீரும் அமைய ஓர் அஸ்தமனத்தைப் படமெடுத்து, சான்றொப்பம் பெற்று, இன்று மாலைக்குள் பெட்டியில் சேர்ப்பிக்க வேண்டியது. வெல்பவருக்கு நிரந்தர வேலை.’

படம் பிரமாதமாக வந்திருந்தது. சான்றொப்ப அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நகல் சரி. அசல் எங்கே?”

“இதுதான் சார் படம்.”

“அதான் கேக்கறேன். எதோட படம்?”

“சூரியனோட படம்.”

“அப்போ சூரியனைக் காட்டுங்க. ஒப்பிட்டுப் பாக்காம கையெழுத்துப் போட்டா என் வேலை போயிடும்.”

படக்காரர் ஜன்னலைக் காட்டினார். அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இது மத்தியான சூரியன். நிறம் ஒத்துவரலே.”

“அசல் ஆறு மணிக்கு ஏரிக்கு வரும் சார்,” என்றார் தட்டச்சு அக்கா. “நாமளே போயிடலாமே?”

முத்திரை, மைப்பெட்டி, போட்டிப் பெட்டி சகிதம் அலுவலகமே வேனில் கிளம்பியது.

ஏரிக்கரையில் அதிகாரி ஒரு கண்ணை மூடி, படத்தைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தார்.

“நகல்ல மேகம் மூணு. இங்கே ரெண்டுதான் இருக்கு.”

“இன்னொண்ணு வந்துட்டிருக்கு சார்!” என்றார் படக்காரர்.

படக்காரரின் மனைவி போனில் கூப்பிட்டார். “என்னங்க, கையெழுத்து ஆச்சா?”

“மேகத்துக்காகக் காத்திருக்கோம்மா.”

“அவர் எந்த செக்ஷன்?”

சூரியன் மலைக்குப் பின்னால் முக்கால்வாசி இறங்கிவிட்டது. பதினோரு வருடமும் கூடவே இறங்குவதைப் பார்த்த படக்காரர் அலறினார். “சார், நகல்ல ஒரு குறையும் இல்லே! அசல்லதான் ஒரு மேகம் குறையுது!”

அதிகாரியின் முகம் மலர்ந்தது. “இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?”

படத்தின் பின்புறம் எழுதினார்: ‘நகல் குறைவின்றி உள்ளது. அசலில் ஒரு மேகம் குறைவு. எனவே அசல் நிராகரிக்கப்படுகிறது.’ முத்திரை விழுந்தது. அக்கா பெட்டியை நீட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் சூரியன் மறைந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

படமே வென்றது. அதைப் பிரம்மாண்டமான பலகையாக்கி, துறை அதே ஏரிக்கரையில் நட்டது. தினமும் மாலையில் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ள ஊரே வரிசை கட்டியது. நிரந்தரப் படக்காரர் முதல் வேலையாகத் தம் மனைவியைப் பலகைக்கு முன் நிறுத்தினார்.

“பின்னாடி ஏதோ செவப்பா வெளிச்சம் அடிக்குதுங்க. படம் கெட்டுடாது?”

“அதைக் கண்டுக்காதே,” என்றார் படக்காரர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே. “அதை நிராகரிச்சாச்சு. பத்து நிமிஷத்துல தானே போயிடும்.”