நாலாவது இலை

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஸ்டீவன் தொழிற்சாலைப் புல்வெளியில் மண்டியிட்டான். தேர்வாய் கண்டிகை வெயில் முதுகைப் பொரித்தது. எங்கே பார்த்தாலும் தரையோடு படர்ந்த புளியாரைக் கீரை. எண்ணினால் எல்லாவற்றிலும் மூன்றே இலை.

நாலு இலை கேட்டவள் கிறிஸ்டினா, முதலுதவி அறை நர்ஸ். கம்பெனியே அவளை "சிஸ்டர்" என்று கூப்பிட, அந்த ஒரு சொல் மட்டும் வாயில் வந்துவிடாமல் இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டவன் ஸ்டீவன். வியாழக்கிழமை ஒருவழியாக மனதைச் சொல்லிவிட்டான். அவள் அவன் சாவிக்கொத்தில் அதிர்ஷ்டத்துக்காகத் தொங்கிய, புளியாரை ஜாடையிலான நாலு இலை பிளாஸ்டிக் க்ளோவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதே மாதிரி நாலு இலையோட நெசமா ஒண்ணு நம்ம புல்லுல தேடிக் கொண்டா. சரின்னு சொல்றேன். ஞாயித்துக்கிழமை என்னைப் பொண்ணு பாக்க வராங்க. அதுக்குள்ள."

பத்தாயிரத்தில் ஒன்றுதான் அப்படி முளைக்கும் என்றது போன். திருநின்றவூர் அடுக்குமாடியில் வளர்ந்தவனுக்குப் புல்லே புதுசு. இன்றைக்குச் சனிக்கிழமை.

"இன்னாபா தேடினுகீற?" செக்யூரிட்டி சுப்பராயன் எதிரே வந்து நின்றார்.

"லென்ஸ் அண்ணே. கண்ணுல போடறது. விழுந்துடுச்சு."

சுப்பராயன் இரக்கக்காரர். விசில் ஊதினார். பெயின்ட் பிரிவிலிருந்து பன்னிரண்டு பேர் பாதிச் சாப்பாட்டில் கைகழுவி வந்து, வரிசை கட்டிப் புல்லை மிதித்துத் தேடினார்கள். ஒருவன் பாட்டில் மூடியைக் கண்டெடுத்து, "இதுவா பாரு" என்றான்.

நசுங்காத ஒரு புளியாரையோடு ஸ்டீவன் ஸ்டோருக்கு நழுவினான். இன்னொரு இலையைக் கிள்ளி, சூப்பர் க்ளூ வைத்து அழுத்தினான். இலை ஒட்டியது. கூடவே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன.

சுப்பராயன் இழுத்துப் பார்த்தார். அவன் அலறியதும் விட்டுவிட்டார். "சிஸ்டராண்ட போலாம் வா."

கிறிஸ்டினா வெந்நீரில் சோப்பைக் கரைத்து அவன் கையை அமிழ்த்தினாள். விரல்களை மெல்லப் பிரித்து, இலைகளை எண்ணினாள்.

"ஒட்டுப்போட்டது செல்லாது."

"நாளைக்குக் காலை வரைக்கும் டைம் குடு. லீவு நாள்தான், விடியறதுக்குள்ள வந்து தேடறேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஸ்டீவன் ஈரக் கையோடு எழுந்தான்.

அப்போது தோட்ட வேலை பார்க்கும் குணசுந்தரி கதவைத் தள்ளிக்கொண்டு கிறிஸ்டினாவிடம் வந்தாள்.

"பாப்பா, நீ குடுத்த ஆரைக்கீரைய நேத்தே புல்லுல நட்டு வச்சேன், லென்ஸ் தேடறேன்னு இவங்க மிதிச்சுத் தொவச்சிட்டாங்க, ஏரிக்கரைல அந்தக் கீரை அத்தனையும் நாலு இலையாவே மண்டிக் கெடக்குது, இன்னொரு கட்டு பறிச்சாந்து நடட்டா?"