இடப்பக்கக் கதவு

கார் ஓட்ட வேண்டும் என்று வருஷக்கணக்காக ஏங்கிவிட்டு, ஒரு புண்ணியவான் சாவியைக் கொடுத்தபோது ஸ்டியரிங் இல்லாத பக்கம் போய் உட்கார்ந்தவன் நான். ஒரு முறை என்றால் மன்னிக்கலாம். இரண்டு முறை.

எண்பதுகளில் மாட்டுங்காவில் ஒற்றை அறைக் குடித்தனம். காருக்கும் எனக்கும் இருந்த உறவு, கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் வாங்கிய பழைய அமெரிக்கப் பத்திரிகைகளோடு சரி. அவற்றில் வந்த ஒரு ஜப்பான் செடான் கார்மேல் எனக்குக் காதல். அதன் முந்தைய தலைமுறையையும் பிந்தையதையும் ஒப்பிட்டு, கேட்க ஆள் இல்லாவிட்டாலும் பேசுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலியில் உட்கார்ந்து, எவர்சில்வர் தட்டை ஸ்டியரிங்காகத் திருப்பி, வலது கையால் குடையைக் கியராகப் போட்டுப் பூனா வரை போய்வருவேன். (அமெரிக்காவில் ஸ்டியரிங் இடப்பக்கம். படம் பார்த்துப் பழகினவன் வேறெப்படி ஓட்டுவான்? லைசென்ஸும் இருந்தது. எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள்.)

தாராவியில் தோல் வியாபாரம் செய்த ஹமீது பாய்க்கு வெளிநாட்டுக் கார் சேர்க்கும் பைத்தியம். அதே செடானில் இரண்டு தலைமுறையும் செம்பூரில் அவருடைய ஷெட்டுக்கு வந்து நின்றன. ஒன்றுக்குத்தான் இடம். எதை வைத்துக்கொள்வது என்று கேட்க, என் கார்ப் பேச்சைக் கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"பழசுல பின் சக்கரம் தள்ளும் பாய். புதுசுல முன் சக்கரம் இழுக்கும், டர்போவும் உண்டு. தள்ளுறது வீரம், இழுக்கிறது விவேகம்."

"வாய் வலிக்கப் போவுது சார். ரெண்டையும் ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க. சாவி உள்ளதான் கெடக்கு."

கால் தரையில் பாவவில்லை. பழைய காரின் இடக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். கதவைச் சாத்திக் கைகளை நீட்டினேன். எதிரே, காகிதம் வைக்கிற சின்னப் பெட்டியின் மூடி. ஜப்பானிலும் நம்மூர் மாதிரி ஸ்டியரிங் வலப்பக்கம்தானாம்.

பாய் குனிந்து பார்த்தார். "ஏன் சார், நீங்க ஓட்டலியா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "எஞ்சினைக் காதால எடை போடுறவனுக்கு இந்தப் பக்கம்தான் பாய் சரி. நீங்க ஓட்டுங்க."

பயபக்தியோடு ஏறி ஓட்டினார். அந்தப் பொய்யைக் காப்பாற்ற, அடுத்த காரிலும் நான் இடப்பக்கமே ஏற வேண்டியதாயிற்று. சயான் சாலையில் டர்போ மூச்சை இழுத்துப் பாய்ந்தது. முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. கியர் மட்டும் நான் பழகின இடத்திலேயே இருந்தது, என் வலது கைக்கு ஒரு சாண் தள்ளி. அதன்மேல் பாயின் கை. அந்த ஒரு சாணை நான் இன்றுவரை தாண்டவில்லை.

பழையதையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதிலேயே என்னை வீட்டில் கொண்டுவந்து விட்ட பாய், என் மனைவியிடம் நெகிழ்ந்துபோனார்.

"சார் பெரிய மனுசன் தங்கச்சி. சாவியக் கொடுத்தும் ஸ்டியரிங்கத் தொடல."

அவள் காபியை அவரிடம் நீட்டினாள். "தொடாததே நல்லது பாய். இங்க நாற்காலியில ஓட்டியே ரெண்டு குடையை முறிச்சிருக்கார்."