தகடு ஒட்டிய பக்கம்

வரிசை வாசலில் தொடங்கி, மாடிப்படியில் வளைந்து, மூன்றாவது தளம் வரை நின்றது. ஒருவர் கையில் செல்போன். ஒருவர் கையில் மோடம். கீழ்த்தளத்துப் பல் மருத்துவர் தன் பிரிண்டரையே பிள்ளையைப் போல இடுப்பில் தூக்கி வைத்திருந்தார். பல்வலி என்று வருகிறவர்களுக்கு மந்திரிக்காமல் மருந்து எழுதுகிற மனிதர்தான். பிரிண்டருக்கு நோவு என்றதும் சாமியிடம் வந்துவிட்டார்.

வாசலில் நின்றிருந்த அந்தச் சாமிக்குப் பெயர் சிக்னல் சாமி. காற்றில் அலைகிற தோஷங்கள்தான் இணையத்தை மறிக்கின்றன என்பது அவருடைய கண்டுபிடிப்பு. வலது கையில் தடித்த மோதிரம், இடது கையில் ஒரு பித்தளைப் பெட்டி, அதற்குள் ஒரு ஊசி, அதற்குப் பெயர் தோஷமானி. யாரிடம் தோஷமோ அவர் பக்கம் ஊசி திரும்பும். திரும்பினால் பரிகாரமாக ஒரு செப்புத் தகடு. திரும்பாவிட்டால் முன்னெச்சரிக்கையாக ஒரு செப்புத் தகடு. மொத்தத்தில் ஊசி எப்படியோ போகட்டும், தகடு போய்க்கொண்டிருந்தது.

அந்த வரிசையின் கடைசியில் நோட்டுக்காரனும் நின்றான். மறைத்துப் பயனில்லை. சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் எழுத்தர் வேலை, மாலையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் வகுப்பு. எதைச் செய்தாலும் நோட்டில் எண் போட்டு எழுதுவான், எழுதியதோடு மறந்தும்விடுவான்; ஞாபகம் வைப்பது நோட்டின் வேலை. எழுதியது சரிதானா என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போடுவான். அன்றும் அலுவலகம் காலியான பிறகு உட்கார்ந்து வகுப்புப் பாடத்தைச் செய்து, எழுதி, அவசரமாகப் படியிறங்குகையில்தான் சாமியிடம் மாட்டினான்.

"கடைசியா எழுதின பக்கத்துல ஒட்டுப்பா. மூணு வாரம் அந்தப் பக்கத்தத் தொறக்கப்படாது" என்றார் சாமி.

ஒட்டினான். திறந்துவிடாதபடி கிளிப்பும் போட்டான். பிறகு புதுப் பக்கத்தில் எழுதினான்: "தகடு வாங்கினேன். நம்பிக்கை இல்லை. சோதனைக்காக மட்டும்." கேள்விக்குறி.

அலுவலகத்தில் தகடு வாங்காத ஒரே ஆள் அவனுடைய அண்ணி. எந்தச் சரக்கு எந்த வழியில் போக வேண்டும் என்று பார்ப்பது அவர் வேலை. கொழுந்தனுக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்ததும் அவர்தான்.

"என் மெஷின் நல்லாத்தான் இருக்கு சாமி. கொஞ்சம் வழிய விடுங்க, பஸ் போயிடும்" என்று சொல்லிவிட்டு அன்று முதல் ஆளாகப் படியிறங்கிப் போயிருந்தார்.

மறுநாள் காலை அண்ணியின் கம்ப்யூட்டரில் மூன்று தளங்கள் மட்டும் திறக்கவில்லை. வரைபடம், வானிலை, துறைமுக அட்டவணை. அவருக்கு மற்ற தளங்கள் எல்லாம் திறந்தன. மற்றவர்களுக்கோ இந்த மூன்றும் சேர்த்து எல்லாமே திறந்தன. அலுவலகம் முழுக்க ஒரே கிசுகிசு. தகடு வாங்கலையே, பாத்தீங்களா?

நோட்டுக்காரன் கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டான். கேபிளை மாற்றினான். வேறு பிரௌசரில் பார்த்தான். பதினான்கு படிகள், பதினான்கு கேள்விக்குறிகள். மூன்றாம் நாள் மேனேஜர் பொறுமையிழந்து சாமியையே வரவழைத்தார்.

சாமி கண்ணை மூடித் திறந்தார். "மூணும் என்னது? வழி, வானம், துறைமுகம். மூணுமே பயணம்! இந்தம்மாவுக்குப் பயணத் தோஷம். மெஷின் மேல குத்தமில்ல. கைதான்."

சாமி வலது கையால் பெட்டியைத் தொட, ஊசி அண்ணி பக்கம் திரும்பியது. எல்லோரும் ஓரடி தள்ளி நின்றார்கள். நோட்டுக்காரன் அரையடி.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நாளையிலேர்ந்து கிடங்குக்குப் போயிடுங்க. மூட்டை எண்ண இன்டர்நெட் வேண்டாம் பாருங்க."

கிடங்கு என்றால் சிமென்ட் தூசி. அண்ணிக்கு மூச்சிரைப்பு. கைப்பையில் மருந்து இல்லாமல் வாசல் தாண்டாதவர். கிடங்குக்குப் போ என்பதும் வேலையை விடு என்பதும் அவருக்கு ஒன்றுதான். எல்லோருக்கும் அது தெரியும்.

அண்ணி கொழுந்தனிடம் கையை நீட்டினார். "நோட்டக் குடு."

கொடுத்தான். விரலால் தடவிக்கொண்டே வந்தார். "பதினாலு இருக்கு. பதினஞ்சுன்னு நம்பர் மட்டும் போட்டு ஏன் வெறுமனே விட்டிருக்க?"

"அது... ஆளை மாத்திப் பாக்கணும் அண்ணி. வகுப்புல சொன்னாங்க. ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்தணும்னு."

"பாத்தியா?"

"உங்க நாற்காலியில யாரும் உக்கார மாட்டேங்கறாங்க."

"நீ?"

நோட்டுக்காரன் பென்சிலைப் பார்த்தான். இதை அவன் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

அண்ணி சாமி பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தான் தோஷமே கெடையாதே. வாங்க, உக்காருங்க. வரைபடத்தத் தொறங்க."

"அது வந்தும்மா, நான் வந்து..."

"சும்மா உக்காருங்க சாமி" என்றார் மேனேஜர், பக்தியோடு.

சாமி உட்கார்ந்தார். தட்டினார். வரைபடம் திறக்கவில்லை. வானிலை திறக்கவில்லை. அண்ணி நேரே மேனேஜரின் இருக்கைக்குப் போனார். வரைபடம், வானிலை, துறைமுகம் மூன்றும் வரிசையாக வந்து நின்றன.

"சாமிக்கும் பயணத் தோஷம் போலிருக்கே!" என்றது பின்வரிசை.

"நாற்காலித் தோஷம்" என்றார் சாமி. நாற்காலியை மாற்றினார்கள். அப்போதும் திறக்கவில்லை.

"பெட்டி பொய் சொல்லாதும்மா!" சாமி குரலை உயர்த்தினார்.

"அப்ப பெட்டி தனியா சொல்லட்டும்." அண்ணி அதை வாங்கி மேசையில் வைத்தார். ஒவ்வொருவராகக் கிட்டே போனார்கள். ஊசி அசையவில்லை. அண்ணி போனார், அசையவில்லை. "இப்ப உங்க வலது கைய மட்டும் கொண்டாங்க. மோதிரத்தோட."

சாமி இடது கையை நீட்டினார். "வலது கை" என்றார் மேனேஜர். இந்த முறை பக்தி இல்லை.

மோதிரம் வந்ததும் ஊசி துள்ளித் திரும்பியது. மோதிரத்தைக் கழற்றி வாங்கிய மேனேஜர், காகிதக் கிளிப்புகள் இருந்த கிண்ணத்தின் மேல் பிடித்தார். கிளிப்புகள் கொத்தாக எழும்பி ஒட்டிக்கொண்டன. கல் இருக்க வேண்டிய இடத்தில் காந்தம். எல்லோரும் மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சாமி படியிறங்கிவிட்டார். பெட்டியைக்கூட எடுக்கவில்லை.

நோட்டுக்காரனுக்கு ஆத்திரம் வந்தது. அரையடி தள்ளி நின்றவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. கிளிப்பைப் பிடுங்கினான், பக்கத்தைத் திறந்தான், தகட்டை நகத்தால் பெயர்த்தான். அடியில் அவனுடைய கையெழுத்து.

"பாடம் ஒன்பது. அண்ணியின் கம்ப்யூட்டரில் செய்தேன். உள்ளே இருக்கும் முகவரிக் கோப்பில் மூன்று தளங்களுக்குப் பொய் முகவரி எழுதினேன். வெளியே விசாரிக்கும் முன் கம்ப்யூட்டர் இதைத்தான் நம்பும். மூன்றும் திறக்கவில்லை. வெற்றி!" இவ்வளவும் தகடு ஒட்டியிருந்த இடத்துக்கு மேலே இருந்தது. தகடு மூடியிருந்தது ஒரே ஒரு வரியை: "வீட்டுக்குப் போகும் முன் அழிக்க மறக்காதே."

வாழ்நாளில் முதல்முறையாக, அந்த வரிக்குப் பக்கத்தில் அவன் கேள்விக்குறி போட்டிருக்கவில்லை.

பக்கத்தைக் கிழித்து விழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அண்ணியின் கைப்பையைப் பார்த்தான். பிறகு உரக்கப் படித்தான்.

அண்ணிதான் முதலில் சிரித்தார். "ஏண்டா, தோஷம் எங்க வீட்லயேதான் சோறு தின்னுக்கிட்டு இருந்துச்சா?"

முகவரிக் கோப்பில் தான் எழுதிய மூன்று வரிகளை அழித்தான். மூன்று தளங்களும் திறந்தன. மேனேஜர் கிடங்கைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. அண்ணி பேசினார், நிறைய.

விஷயம் பரவி, மாலைக்குள் மாடிப்படியில் மறுபடியும் வரிசை. முன்னால் பல் மருத்துவர், இடுப்பில் பிரிண்டர். "தம்பி, சாமியாலயே முடியாதத நீங்க முடிச்சீங்களாமே. ஒரு தடவ தொட்டுக் குடுங்க. உங்க கை ராசியான கை."

"சார், மூணு நாளா கெடுத்து வச்சதே இந்தக் கைதான்."

"இருக்கட்டும் தம்பி. தொடுங்க."

"பிளக்குல மாட்டிப் பாத்தீங்களா?"

மருத்துவர் வயரைப் பார்த்தார். பிரிண்டர் நான்கு நாளாக அவர் இடுப்பில்தான் இருந்தது.

நோட்டுக்காரன் பதினைந்தாம் எண்ணுக்கு எதிரே எழுதினான்: "ஆளை மாற்றிப் பார்த்தேன். மாற வேண்டிய ஆள் நான்." பிறகு அந்தத் தகட்டை வரிசையில் நின்றவர்கள் கண்ணில் படும்படி கதவில் ஒட்டி, கீழே ஒரு குறிப்பு வைத்தான்:

"இது எதைக் காக்கும் என்று சாமி சொன்னார். எதை மறைக்கிறது என்று நீங்கள்தான் பெயர்த்துப் பார்க்க வேண்டும். உங்களிடம் நகம் இருக்கிறது."