எர்ல்பாக் பாலத்தில் யார் பின்வாங்குவது?

"அவனைப் பின்னாலே போகச் சொல்லு. அப்புறம் நாம முன்னாலே போகலாம்" என்றார் ஹிர்ஷன்டால் நாட்டின் அதிபதி, பிரபு எகோன் லுட்விக். வண்டி ஜன்னலின் திரையைக்கூட அவர் விலக்கவில்லை.

செயலாளர் ஹாப்னர் உடனே இறங்கினார். வாயைத் திறந்தால் என்ன வந்து விழுமோ என்று அவருக்கே பயமாக இருந்தது.

பதினோரு மணிக்கு அவருடைய ஒரே மகள் ஓட்டிலிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஓடைக்கு அந்தப் பக்கம், ஓபர்ஃபெல்டன் நாட்டு மாவு மில்காரர் மகன். தேவாலயமும் அந்தப் பக்கம்தான். மனைவி வல்புர்காவும் மகளும் நேற்றே போய்விட்டார்கள். ஹாப்னர் நடந்தே போயிருந்தால்கூட ஒன்பதரைக்கெல்லாம் போய் உட்கார்ந்திருப்பார். "என் செயலாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வராமலா? என் வண்டியிலேயே வா" என்று பிரபு பிடித்த பிடிவாதத்தில் எல்லாம் கெட்டது. பிரபு தன்னிடம் இருந்த பதக்கங்களையெல்லாம் தேடி எடுத்து, ஒன்று விடாமல் குத்திக்கொண்டு கிளம்புவதற்கே பத்து மணி ஆகிவிட்டது.

இப்போது மணி பத்தே கால். எர்ல்பாக் ஓடையின் மேல் இருக்கும் பாலத்தில் ஒரு வண்டிதான் போகலாம். பாலத்தின் நட்ட நடுவில் அவர்கள் வண்டி. எதிரே ஓபர்ஃபெல்டன் அதிபதி பிரபு காசிமிரின் வண்டி. இரண்டு வண்டிக் குதிரைகளும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நின்றன. அவற்றுக்குள் எந்தப் பகையும் இருப்பதாகத் தெரியவில்லை.

எதிர் வண்டியிலிருந்து பிரபு காசிமிரின் செயலாளர் ஃபிங்க் இறங்கி வந்தார். ஒடிசலான மனிதர்.

"என்னய்யா ஃபிங்க், கொஞ்சம் பின்னாலே எடுக்கச் சொல்லேன். என் பொண்ணு கல்யாணம்."

"தெரியும்யா. என் பெண்டாட்டிகூட அங்கேதான் இருக்கா. ஆனா பின்னாலே எடுன்னு எங்க ஆள்கிட்டே நான் சொன்னா, ராத்திரிக்குள்ளே நான் வேற வேலை தேடணும். நீ எடுக்கச் சொல்லு."

"எனக்கு மட்டும் வேலை வேண்டாமா?"

ஹாப்னர் திரும்பி வந்து ஜன்னலருகே குனிந்தார். "மகாபிரபு, அவங்க நகர மாட்டேங்கறாங்க. உத்தரவு கொடுத்தா நான் மட்டும் இப்படியே ஓரமா நடந்து போயிடறேன்."

"எதிரி முன்னாலே என்னை விட்டுட்டு ஓடறியா?" என்றது ஜன்னல். "அதுக்குப் பேரு துரோகம். சட்டத்தை எழுதினவனே நீதான். என்ன தண்டனைன்னு உனக்கே தெரியும்."

தெரியும். ஹிர்ஷன்டாலின் சட்டத்தை எழுதியவர், நூலகத்தைப் பார்த்துக்கொள்பவர், பிரபுவின் நாய்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து இயற்றுபவர் எல்லாம் ஒரே ஹாப்னர்தான். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கோபத்தை அவர் காலையில் ரொட்டியோடும் மாலையில் பீரோடும் விழுங்கி வந்திருந்தார்.

அவர் ஒரு யோசனை சொன்னார். ஃபிங்க் மூன்று எண்ணுவார். மூன்று என்றதும் இரண்டு வண்டியும் ஒரே சமயத்தில் பத்தடி பின்னால் போகும். யாருக்கும் அவமானம் இல்லை.

"ஃபிங்க் ஏன் எண்ணணும்?" என்றார் எகோன் லுட்விக். "நாமதானே யோசனை சொன்னோம்?"

கடைசியில் ஒன்று என்பதை ஹாப்னரும், இரண்டு என்பதை ஃபிங்க்கும், மூன்றை இருவரும் சேர்ந்தும் சொல்வதாக முடிவாயிற்று. சொன்னார்கள். ஒரு வண்டியும் அசையவில்லை. அந்த வண்டி நகர்ந்ததைப் பார்த்துவிட்டு நகரலாம் என்று இரண்டு பிரபுக்களும் வண்டிக்காரர்களிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தார்கள்.

"பார்த்தியா! ஏமாத்தினான்!" என்று எதிர் வண்டியிலிருந்து ஒரு குரல் கத்தியது.

"ஏமாத்தினது நீ!" என்று எகோன் லுட்விக் திரையைக் கிழிக்காத குறையாக விலக்கிவிட்டுக் கத்தினார். "உங்க பரம்பரையே ஏமாத்துக்காரப் பரம்பரை! பேரரசர் முடிசூடின அன்னிக்குக் கை கழுவினப்போ, துண்டை நீட்டினது எங்க கொள்ளுத் தாத்தா! நீங்கள்லாம் அப்போ எங்கே இருந்தீங்க?"

"தண்ணி ஊத்தினது எங்க கொள்ளுத் தாத்தாடா! கையிலே தண்ணி படாம துண்டுக்கு என்னடா வேலை?"

"துண்டுதான் கடைசியிலே கையைத் தொட்டுது!"

"தண்ணிதான் முதல்லே தொட்டுது!"

ஹாப்னர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்கால். இதற்குள் இரண்டு பக்கமும் கோதுமை அறுவடை ஏற்றிய வண்டிகள் வரிசையாக வந்து நின்றுவிட்டன. இனிமேல் பிரபுக்களே விரும்பினாலும் பின்னால் எடுக்க முடியாது. ஒரு குடியானவன் கதிர்க்கட்டின் மேல் ஏறி நின்றுகொண்டு, "இன்னிக்கு மழை வந்துது, இந்தக் கோதுமை பூரா உங்க ரெண்டு பேர் தலையிலேதான்!" என்று பொதுவாகச் சபித்துக்கொண்டிருந்தான்.

ஹாப்னர் ஃபிங்க்கைக் கைப்பிடிச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனார். "வண்டிதானே போக முடியாது? ஆளு போகலாமே. உங்க ஆள் எங்க வண்டியிலே ஏறட்டும், எங்க ஆள் உங்க வண்டியிலே ஏறட்டும். ரெண்டு வண்டியும் வந்த வழியே திரும்பினா, ரெண்டு பேரும் போக வேண்டிய ஊருக்குப் போயிடுவாங்க. பின்வாங்கினது வண்டிதான், பிரபு இல்லே."

ஃபிங்க் வாயைப் பிளந்தார். "யோவ், நீ மந்திரியா இருக்க வேண்டியவன்யா."

"பின்னாலே நிக்கற கோதுமை வண்டியை நீயும் நானும் கெஞ்சிக் கூத்தாடி நகர்த்திடலாம். முதல்லே இவங்க இறங்கட்டும்."

இரண்டு பிரபுக்களையும் சம்மதிக்க வைக்க இருபது நிமிஷம் ஆயிற்று. எதிரியின் சின்னம் பொறித்த கதவின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடுவதா கூடாதா என்பதிலேயே பத்து நிமிஷம் போயிற்று. எங்கோ தொலைவில் தேவாலய மணி பதினொன்று அடித்தது. ஒவ்வொரு அடியும் ஹாப்னரின் பொட்டில் விழுந்தது.

ஒருவழியாக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். ஒரே மாதிரி தொப்பை, ஒரே மாதிரி பதக்க வரிசை. நிமிர்ந்து நடந்தார்கள். கடந்து போகும்போது கைப்பிடிச் சுவரோரம் போகிறவருக்குத்தான் அதிக மரியாதை. யார் எந்த ஓரம் என்று பேச ஹாப்னர் மறந்துவிட்டார். இருவருமே பாலத்தின் ஒரே ஓரத்துக்கு நகர்ந்தார்கள். தொப்பையும் தொப்பையும் மோதின. பதக்கங்கள் கலகலத்தன. காசிமிரின் இறகு வைத்த தொப்பி தலையை விட்டுக் கிளம்பி ஓடையில் விழுந்து, மில் இருக்கும் திசையில் நிதானமாக மிதந்து போயிற்று.

ஒரு கணம் எல்லாரும் அதையே பார்த்தார்கள்.

"யுத்தம்!" என்றார் காசிமிர்.

"தாராளமா!" என்றார் எகோன் லுட்விக். "ஹாப்னர்! பட்டாளத்தைக் கூப்பிடு!"

பட்டாளம் கோதுமை வயலில் இருந்தது. ஹிர்ஷன்டாலின் ஒன்பது வீரர்களில் ஐந்து பேர் அறுவடை லீவு. லீவு இல்லாமலே அறுத்துக்கொண்டிருந்த மீதி நாலு பேர் அரிவாளைப் போட்டுவிட்டு, சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே வந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். ஒன்பது பேரில் ஏழு பேர் ஒருவருக்கொருவர் மச்சான் முறை.

"என்ன மச்சான், கழுத்து வலி எப்படி இருக்கு?"

"இப்போ தேவலை. துப்பாக்கியை அந்தப் பக்கமா திருப்பு. அது தானா வெடிக்கற துப்பாக்கி."

இரண்டு படைகளும் கைப்பிடிச் சுவரின் மேல் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒரே புகையிலைப் பையிலிருந்து புகைக்குழாயை நிரப்பிக்கொண்டன. பிரபுக்கள் இருவரும் "சுடு! சுடு!" என்று கத்தினார்கள். "முதல்லே அவங்க சுடட்டும், மகாபிரபு. நாம மரியாதை தெரிஞ்சவங்க" என்றான் ஹிர்ஷன்டால் தளபதி, குழாயை வாயிலிருந்து எடுக்காமல்.

அப்போதுதான் எதிர்ப்பக்க வண்டிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு வல்புர்கா வந்தாள். கல்யாணத்துக்கு உடுத்திய பச்சைப் பட்டுப் பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்திருந்தாள். காசிமிரின் குதிரையைக் கழுத்தில் ஒரு தள்ளுத் தள்ளி வழி பண்ணிக்கொண்டாள்.

"ஏங்க! அங்கே பொண்ணு பலிபீடத்துக்கு முன்னாலே நின்னு அழுதுக்கிட்டிருக்கா! அப்பா வராம மாட்டேங்கறா! பாதிரியாருக்குப் பன்னிரண்டு மணிக்கு வேற ஊர்லே சாவு இருக்காம், அதுவரைக்கும்தான் நிப்பேங்கறார். நீங்க இங்கே என்ன செஞ்சுக்கிட்டு இருக்கீங்க?"

"யுத்தம்" என்றார் ஹாப்னர்.

"யாரோட?"

ஹாப்னர் கையைக் காட்டினார். வல்புர்கா இரண்டு பிரபுக்களையும் தலை முதல் கால் வரை பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் ஹாப்னரை உடைத்தது.

இருபத்திரண்டு வருஷத்துக் கோபம் வெளியே வந்தது. அவர் தன் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"போதும்! நிறுத்துங்க ரெண்டு பேரும்! நாடாம் நாடு! குதிரை ஒரு தடவை கனைச்சா ரெண்டு நாடும் முடிஞ்சு போயிடுது! நான் என் வீட்டுத் தோட்டத்திலே தும்மினா, வெளிநாட்டுக்காரன் 'நூறாயுசு'ங்கறான்! உங்க ரெண்டு பட்டாளத்தையும் சேர்த்து உட்கார வச்சா, சத்திரத்திலே ஒரு மேஜை நிரம்பாது! துண்டு நீட்டினானாம், தண்ணி ஊத்தினானாம்! நூறு வருஷமா அந்த ஆள் கையைக் கழுவின கதையைத் தவிர உங்களுக்கு வேற என்னய்யா இருக்கு? என் பொண்ணு அங்கே அழறா! அவ கண்ணீருக்கு நீட்டறதுக்கு ஒரு துண்டு இருக்கா உங்ககிட்டே?"

கதிர்க்கட்டின் மேல் நின்ற குடியானவன் மெதுவாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

"ராஜத் துரோகம்" என்றார் எகோன் லுட்விக்.

"சந்தேகமே இல்லை" என்றார் காசிமிர்.

காலையிலிருந்து இரண்டு பேரும் ஒத்துப்போனது அப்போதுதான். ஆனால் அதுவும் அரை நிமிஷம்தான் நீடித்தது.

"என் ஆளு. என் கோட்டையிலே அடைக்கிறேன்."

"அவன் நின்னு பேசின இடம் என் பாதிப் பாலம்! என் ஜெயிலுக்குத்தான் வரணும்!"

"உன் ஜெயில்லே வெங்காயம்டா காயப் போட்டிருக்கே!"

ஹிர்ஷன்டால் தளபதி ஹாப்னரின் வலது கையைப் பிடித்தான். ஓபர்ஃபெல்டன் தளபதி இடது கையைப் பிடித்தான். "தப்பா எடுத்துக்காதீங்க, சாமி. உத்தரவு" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். வல்புர்கா மூன்றாவதாக அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "விடுங்கடா! முதல்லே கல்யாணம், அப்புறம் தூக்குலே போட்டுக்குங்க!" என்று இழுத்தாள்.

மணி பதினொன்றே முக்கால்.

கோதுமை வண்டிகளுக்குப் பின்னாலிருந்து ஊதுகொம்பின் சத்தம் கேட்டது. மஞ்சள் கோட்டு போட்ட தபால்காரன் ஒருவன், குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணில் பட்டவர்களையெல்லாம் திட்டிக்கொண்டே இடுக்கு வழியாக வந்து சேர்ந்தான்.

"வழியை விடுங்கய்யா! இது தபால்! யாரைப் பிடிச்சு வச்சிருக்கீங்க? எதுக்கு?"

"நாட்டு அதிபதியைத் திட்டிட்டாரு" என்றான் தளபதி. "ரெண்டு நாட்டு அதிபதியையும்."

"எந்த நாடு?"

"இதென்ன கேள்வி? ஹிர்ஷன்டால். ஓபர்ஃபெல்டன்."

தபால்காரன் தளபதியின் சீருடையை ஒரு தரம் பரிதாபமாகப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"உங்களுக்குச் சொல்லலையா? அப்படி நாடெல்லாம் இப்போ இல்லேய்யா. போன மாசமே பாரிசிலே கையெழுத்தாயிடுச்சு. இந்தப் பக்கத்துச் சில்லறை நாடு எல்லாத்தையும் கூட்டிப் பெருக்கி, தெற்கே இருக்கற ராஜாவுக்குக் கொடுத்துட்டாங்க. இந்தக் கரை, அந்தக் கரை, ரெண்டும் அவரோடதுதான். திங்கக்கிழமை அவரோட அதிகாரிங்க வந்து சாவியை வாங்கிக்கப் போறாங்க."

தளபதிகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஹாப்னரின் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் விடுபட்டன. "அப்போ நான் கோதுமை அறுக்கப் போலாமா?" என்று யாரையும் குறிப்பாகக் கேட்காமல் கேட்டான் ஒருவன்.

ஹாப்னருக்கு முதலில் கோபம்தான் வந்தது. இல்லாத நாட்டின் பேரில் இத்தனை நாளாக அவர் எத்தனை ஆணைகள் எழுதியிருக்கிறார்! நாய்க்கு வாழ்த்துவேறு! அவர் ஆவேசமாகத் திரும்பினார்.

பாலத்தின் நடுவில் இரண்டு கிழவர்களும் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குத் தொப்பி இல்லை. வழுக்கையில் வெயில் பட்டுச் சிவந்திருந்தது. இன்னொருவருக்கு மோதிய வேகத்தில் ஒரு பதக்கம் கழன்று நூலில் ஆடிக்கொண்டிருந்தது. "என் நாடு!" என்றார் ஒருவர். "என் பாலம்!" என்றார் மற்றவர். யாரும் அவர்களைப் பார்க்கவில்லை.

ஹாப்னரின் கோபம் காற்றுப் போன துருத்தி மாதிரி இறங்கிவிட்டது.

"வாங்க, மணியாச்சு" என்று வல்புர்கா கையைப் பிடித்து இழுத்தாள்.

"இரு, ஒரு நிமிஷம்." ஹாப்னர் தபால்காரனின் கோட்டுக் கையைப் பற்றிக்கொண்டார். "பாவம்யா ரெண்டு பேரும். இந்தச் சேதியைக் கேட்டா நெஞ்சு வெடிச்சுடும். இதை எப்படிய்யா நான் போய் அவங்ககிட்டே சொல்றது?"

தபால்காரன் அந்த இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினான்.

"நீங்க என்னத்தைச் சொல்றது, மூணு வாரத்துக்கு முன்னாலேயே நான்தானே ரெண்டு பேர் கையிலேயும் கடுதாசியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிட்டுப் போனேன்!"