ஓவர்பெக் கம்பெனிக்குக் காற்று பார்த்த கதை

நான் சொல்லப்போகும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. இண்டியானா மாநிலத்து மக்காச்சோளத்தின் மீது ஆணை, எங்கள் மெதடிஸ்ட் சர்ச் மணிக்கூண்டின் மீது ஆணை, என் பொய்ப்பல் செட்டின் மீதும் ஆணை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறேன். அதுவும் மூக்குக் கண்ணாடி இல்லாமலே கண்டது.

எண்பதுகளின் நடுவில் ஓர் இலையுதிர் காலம். எங்கள் லிண்டன்வேல் ஊருக்கு டாக்டர் லாண்டன் ஹேவர் வருகிறார் என்றதும் ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. பெரிய கம்பெனிகளுக்குக் காற்று பார்க்கிறவர் அவர். ஒரு கம்பெனிக்கு இரண்டு காற்று உண்டாம். ஆள், இயந்திரம், கையிருப்பு, பழக்கவழக்கம் இவையெல்லாம் உள்காற்று. சட்டம், சந்தை, போட்டிக்காரன், மாறுகிற ஜனங்களின் மனசு இவையெல்லாம் வெளிக்காற்று. இரண்டும் மோதுகிற இடத்தில் கம்பெனியின் தலையெழுத்து தெரியுமாம். அது அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியுமாம். கண்ணை மூடிக்கொண்டால்தான் தெரியுமாம்.

இதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று உண்டு. எந்தக் கம்பெனிக்குப் போனாலும், அது என்ன செய்து விற்கிறது என்று கேட்கவே மாட்டார். யாராவது வாயைத் திறந்தால், "சொல்லாதீங்க! சொன்னா காத்து கலைஞ்சிடும்!" என்று காதைப் பொத்திக்கொள்வார். பிறகு கையை நீட்டி, "மாவு வாசனை வருதே..." என்பார். அது ரொட்டிக் கம்பெனியாக இருக்கும். ஒரு முதலாளி மெய்சிலிர்த்து மயங்கியே விழுந்தாராம். எழுந்ததும் முதல் வேலையாகக் காசோலையில் கையெழுத்துப் போட்டாராம்.

தீர்ப்பு மட்டும் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். "பழைய தொழிற்சாலையில உள்காத்து அடைச்சிருக்கு. வெளிக்காத்து தெக்கே வீசுது. மூடிட்டுத் தெக்கே போங்க!" ரொட்டிக் கம்பெனி தெற்கே போனது. திருகாணிக் கம்பெனியும் போனது. அந்த ஊர்களில் இப்போது போக்குவரத்து விளக்கு மட்டும் விசுவாசமாக வேலைக்கு வருகிறது.

அடுத்து எங்கள் முறை. ஓவர்பெக் கம்பெனி சவப்பெட்டி செய்கிறது. நாட்டின் நாலா பக்கமும் எங்கள் பெட்டியில்தான் மக்கள் போய்ச் சேர்ந்தார்கள். லிண்டன்வேலில் வேறு பிழைப்பு கிடையாது. ஆனால் கம்பெனி வாசல் பலகையில் 'ஓவர்பெக் குடும்பத்தார்' என்று மட்டும்தான் இருக்கும். வாசலிலேயே 'சவப்பெட்டி' என்று எழுதுவது மரியாதையில்லை என்று பழைய முதலாளி நினைத்தார்.

டாக்டர் வருவதற்கு முந்தின நாள், டாட்டியின் சாப்பாட்டுக் கடையில் ஒரு மீசைக்காரர் ஆப்பிள் பை பலகாரம் தின்றுகொண்டிருந்தார். மீன் பிடிக்க வந்தவன் என்று சொல்லிக்கொண்டார். கையில் தூண்டில் இல்லை. ஓவர்பெக்கின் விற்பனைத் தலைவி மார்லா ஸ்டக்கி அவரைக் கடைக்கண்ணால் அளந்தாள். ரொட்டிக் கம்பெனி ஊரில் இருந்த அவள் அத்தை மகள், இப்படி ஒரு மீசை அங்கேயும் டாக்டர் வருவதற்கு முந்தின நாள் சுற்றியதாக முன்பே சொல்லியிருந்தாள்.

"டாட்டி, அந்த ஆளு உங்கிட்ட என்னடி கேட்டான்?"

"அந்தப் பெரிய தொழிற்சாலையில என்ன செய்றாங்கன்னு கேட்டான். காபி ஊத்திட்டு வந்து சொல்றேன்னேன்."

"படகுன்னு சொல்லு."

"என்னது?"

"மரப்படகு. ஏரியில துடுப்பு போட்டுப் போறது. சிரிச்சுத் தொலைக்காதே."

"அடிப்பாவி, பொய் சொன்னா நரகத்துக்குப் போவேன்டி!"

"போறப்ப நல்ல பெட்டியா நான் பாத்துத் தரேன். போய்ச் சொல்லு."

மறுநாள் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில் கூட்டம். ஊர் முழுக்க வந்துவிட்டது. நானும் போயிருந்தேன். எனக்கு யாரும் நாற்காலி போடவில்லை, காபியும் நீட்டவில்லை. நான் அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

வெள்ளை கோட்டும் வெறுங்காலுமாக டாக்டர் வந்தார். கண்ணை மூடினார். அரங்கமே மூச்சை அடக்கியது.

"தண்ணி... தண்ணி தெரியுது. அலை அடிக்குது."

முதலாளி வாரன் ஓவர்பெக் துள்ளி எழுந்தார். "கண்ணீர்! சொந்தக்காரங்க கண்ணீர்!"

"கண்ணீர்! கண்ணீர்!" என்றது கூட்டம். கணக்குப் பிரிவு மேலாளர் கைக்குட்டையை எடுத்தார்.

"மரம்... வழவழன்னு மெருகு... ரெண்டு பேர் தாராளமா உக்காரலாம்."

"உக்கார்றதா?" என்று வாரன் முழித்தார். உடனே அவரே தெளிந்தார். "தம்பதிகளுக்குப் புது மாடல்! எழுதிக்கோங்கய்யா!" மேலாளர்கள் எழுதிக்கொண்டார்கள்.

"லீவு நாள்ல குடும்பத்தோட கிளம்புறாங்க. பாட்டுப் பாடிட்டே போறாங்க."

"பாட்டு உண்டு, உண்டு," என்று பாதிரியார் தலையாட்டினார்.

"ஆனா உள்காத்துல ஒரு குறை இருக்கு. ஒரு தடவை வாங்கினவங்க திரும்பி வர்றதே இல்லையே, ஏன்?"

அரங்கமே வெட்கித் தலைகுனிந்தது.

"முப்பது நாள் சும்மா குடுங்க. பிடிக்கலைன்னா திருப்பிக் கொண்டு வரட்டும். அஞ்சு வாங்கினா ஒண்ணு இலவசம்னு போடுங்க. கோடைக்கு வாடகைக்கு விடுங்க!"

அத்தனை பேரும் பெட்டி செய்து வயிறு வளர்த்தவர்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை! கைதட்டினார்கள். டாக்டர் கடைசியாகத் தெற்கே கையைக் காட்டினார். தொழிற்சாலையை மூடும் காகிதம் மேசைக்கு வந்தது. வாரன் பேனாவின் மூடியைத் திருகினார்.

"ஒரு நிமிஷம், வாரன்," என்று மார்லா எழுந்தாள். "டாக்டர், காத்துகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. நாங்க துடுப்பு எத்தனை குடுக்கிறோம்?"

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "ரெண்டுன்னு சொல்லுது."

"துடுப்பா?" என்றார் வாரன்.

"டாட்டி! படகுன்னு நீ யார்கிட்டடி சொன்ன?"

"அதோ, கதவுப் பக்கமா நழுவுறாரே, மீசைக்காரரு! அவர்கிட்ட மட்டும்தான் சொன்னேன். டிப்ஸ்கூட வைக்கல, பரதேசி!"

மார்லா கையைத் தட்டினாள். மெருகு அறை ஆட்கள் ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் மூடியைத் திறந்தாள். உள்ளே வெள்ளைப் பட்டு, சின்னத் தலையணை.

"இதான் எங்க படகு, டாக்டர். முப்பது நாள் சும்மா குடுக்கச் சொன்னீங்களே, முதல் ஆளா நீங்களே ஏறிப் படுங்க. மூடியை நான் போடறேன்."

டாக்டர் கண்ணைத் திறந்தார். அன்றைக்கு அவர் கண்ணைத் திறந்து பார்த்தது அது ஒன்றைத்தான். வெறுங்காலோடு அவர் ஓடிய வேகத்தைப் பார்த்து, கூடைப்பந்துப் பயிற்சியாளர் பெருமூச்சு விட்டார்.

வாரனுக்கு மனசு ஆறவில்லை. "இருந்தாலும் மார்லா, கண்ணீர்னு கரெக்டா சொன்னாரே?"

"அதைச் சொன்னது நீங்க, பாஸ்."

அரங்கம் அப்போதுதான் சிரித்தது. மார்லா விடவில்லை.

"வெளிக்காரணம் வேணுமா? ஜனங்க புதைக்கிறதை விட்டுட்டு எரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. போன வருஷத்துல இருந்து தொண்டை கிழியக் கத்துறேன். உள்காரணம் வேணுமா? மெருகு அறைக்குப் புது மெஷின் வாங்க வச்ச பணம், உங்க கோல்ஃப் மைதானத்துல புல்லா முளைச்சிருக்கு. இதைப் பாக்கக் கண்ணை மூட வேண்டாம். திறந்தாலே போதும்."

வாரன் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். தொழிற்சாலை மூடப்படவில்லை. மிச்ச மரத்தில் சாம்பல் கலசம் கடையத் தொடங்கினார்கள். கோல்ஃப் மைதானத்தை விற்ற பணத்தில் மெஷின் வந்தது. வாரன் மட்டும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ஊரை ஏமாற்றியது டாக்டர் பாதி, கைதட்டியவர்கள் பாதி. ஆகவே யாராவது அடித்துச் சொன்னால், 'உனக்கு எப்படியய்யா தெரியும்?' என்று கேளுங்கள். ஆணையிட்டுச் சொன்னால் இரண்டு தடவை கேளுங்கள்.

அந்தக் கூட்டம் நடந்தபோது, ஓவர்பெக் கம்பெனியின் ஓக் மரப் பெட்டியில் வைத்து என்னை அடக்கம் செய்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.