பொறுத்தார் லேப்டாப் ஆள்வார்

டெல்லியில் எல்லாக் காலனியிலும் தவறாமல் காணக்கிடைக்கும் உயிரினங்கள் மூன்று: குரங்கு, புறா, பொறுத்தார். முதல் இரண்டைப் பற்றிக் கவலைப்பட முனிசிபாலிட்டி இருக்கிறது. மூன்றாவதைப் பற்றி நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பொறுத்தார் என்பவர் யார்? கஞ்சரா? இல்லவே இல்லை. கஞ்சருக்கு வாங்க ஆசை கிடையாது. பொறுத்தாருக்கு ஆசை கடலளவு. பணமும் பேங்கில் பத்திரமாக இருக்கிறது. எந்தக் கம்பெனி எந்த மாதத்தில் எந்த போனை எத்தனை கேமராவோடு இறக்கப்போகிறது என்பதைக் கம்பெனிக்காரனுக்கு முன்னால் தெரிந்து வைத்திருப்பார். ஆனாலும் வாங்க மாட்டார். அடுத்தது வரட்டும் என்பார். அடுத்தது வரும். வந்த அன்றே அது பழசாகிவிடும். ஏனென்றால் அதற்கு அடுத்தது என்று ஒன்று இருக்கிறதல்லவா? பொறுத்தார் பூமி ஆள்வார் என்ற பழமொழியை நம்பி, ஆளவேண்டிய பூமியை இன்னும் விலை விசாரித்துக்கொண்டிருக்கும் ஆத்மா அவர்.

ஜனக்புரியில் எங்கள் மேல்வீட்டில் ஒருவர் இருக்கிறார். பெயர் மாசிலாமணி. திருநெல்வேலிப் பக்கம், பொதுத்துறை நிறுவனத்தில் பெரிய அதிகாரி. எங்கள் பிளாக்கில் யார் என்ன வாங்கினாலும் அவரைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். பொறுமையாக உட்கார்ந்து, பேப்பரில் கட்டம் போட்டு, பிராசஸர், பேட்டரி, வாரண்டி என்று எழுதிக் கொடுப்பார். நீங்கள் அதை வாங்கி, டப்பாவைக் கூடத் திறக்காமல் அவரிடம் காட்ட ஓடுவீர்கள். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல சாமான்தான் சார். ஒரு ரெண்டு வாரம் பொறுத்திருக்கலாம்," என்பார். அத்தோடு உங்கள் சந்தோஷத்துக்குக் கருமாதி.

ஊரில் இருக்கும் பொறுத்தாருக்கு ஒரு பஞ்சாங்கம்தான். டெல்லிப் பொறுத்தாருக்கு இரண்டு. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. ஆடி மாசம் புதுசு எதுவும் வாங்கக்கூடாது, இது நம்ம ஊர்ச் சட்டம். ஆடி போய் ஆவணி வந்தால் செப்டம்பரில் புது மாடல் வருகிறது, அது வந்தால் பழையது விலை இறங்கும். அது இறங்குவதற்குள் இந்த ஊர்க்காரர்களின் ஷ்ராத் பதினைந்து நாள் வந்துவிடும், முன்னோர்களை நினைக்கும் அந்த நாட்களில் பஞ்சாபிக்காரன் ஒரு கரண்டி கூட வாங்க மாட்டான், நாம் மட்டும் வாங்கலாமா. பிறகு தீபாவளித் தள்ளுபடி, அது விலையை ஏற்றிவிட்டுக் குறைக்கிற மோசடி. பிறகு மார்கழி, மறுபடியும் நம்ம ஊர்ச் சட்டம். தை பிறந்தால் பட்ஜெட் வரப்போகிறது, சுங்கவரியைக் குறைத்தாலும் குறைப்பார்கள். பிறகு மார்ச், ஆபீஸில் வருஷக் கணக்கு முடிகிற நேரம். பிறகு வெயில், வெயிலில் வோல்டேஜ் சரியில்லை, புது மெஷின் புகைந்துவிடும். அதற்குள் மறுபடியும் ஆடி. தன் தாத்தாவுக்கு எள்ளும் தண்ணியும் இறைத்தறியாத மாசிலாமணி, பக்கத்து வீட்டு மல்ஹோத்ராவின் தாத்தாவுக்காகப் பதினைந்து நாள் லேப்டாப் விரதம் இருப்பார்.

இந்த விரதத்தைக் காப்பாற்ற ஒரே ஒரு சொல் போதும். "ஓடுது."

அவர் வீட்டு லேப்டாப்பைப் பற்றி யார் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான். அது எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள். அதன் கீல் உடைந்து மூன்று வருஷமாகிறது. மாவடு ஜாடியில் சாய்த்து வைத்தால்தான் திரை நிமிர்ந்து நிற்கும். பேட்டரி செத்துவிட்டது, அதனால் வயரைப் பிடுங்கக்கூடாது. சார்ஜர் முனை ஆடுவதால் பழைய மெட்ரோ கார்டு ஒன்றை வெட்டிச் சொருகியிருக்கிறார். மேஜையை விட்டு ஒரு அங்குலம் நகர்த்தினால் அணைந்துபோகும். நகரவே முடியாத ஒன்றை 'ஓடுது' என்று சொல்ல ஒரு நெஞ்சழுத்தம் வேண்டாமா?

போன்களும் அந்த வீட்டில் ஓய்வு பெறுவதில்லை. சர்க்கார் உத்தியோகஸ்தர் மாதிரி இடமாற்றம்தான். அவர் எட்டு வருஷம் உபயோகித்த போன் மகள் ஷ்ரேயாவுக்குப் போனது. அதன் திரையில் அடிப்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குத் தொட்டால் உணர்ச்சி கிடையாது. கேமராவோ, ஜூன் மாத வெயிலில் படம் எடுத்தாலும் டிசம்பர் பனிமூட்டத்தைக் காட்டும். அவர் கையில் இருப்பது ஆபீஸில் கொடுத்தது. உறவினர்களின் காலை வணக்கப் படங்கள் நிரம்பி, புதிதாக எந்தச் செயலியையும் ஏற்ற இடமில்லை. மனைவி ஜெயலட்சுமி இதெல்லாம் வேண்டாமென்று பொத்தான் போனோடு நிம்மதியாக இருக்கிறார்.

ஷ்ரேயா படிப்பை முடித்துவிட்டு ஒரு வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்த பெண். பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் நாலு கட்டத் தேர்வு தாண்டி, கடைசி இன்டர்வியூ வந்தது. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, வீடியோவில். ஒரு மாதம் முன்பே அந்தப் பெண் சொன்னாள்:

"அப்பா, புதுசு வாங்கிடலாம் ப்ளீஸ். இது பீச்ல பந்த் ஆயிடுச்சுன்னா?" நடுவில் நின்றுவிட்டால் என்பதை டெல்லிப் பிள்ளைகள் இப்படித்தான் சொல்லும்.

"நல்லாத்தானட்டி ஓடுது? எதுக்கு மாத்தணும்ங்கேன்? அடுத்த மாசம் புதுசு வருதுல்லா, பாத்துக்கிடுவோம்."

செவ்வாய்க்கிழமை நான் ஆபீஸில் இருந்தேன். நடந்ததை ஜெயலட்சுமி பிறகு சொன்னார். பத்து ஐம்பதுக்கு லேப்டாப் தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. பதினேழு சதவீதம் என்று காட்டியது. பதினொன்றுக்கும் பதினேழுதான். "ஆஃப் பண்ணிராத, போயிரும்," என்று மாசிலாமணி அதன் பக்கத்தில் பிரசவ அறை வாசலில் நிற்கிறவர் போல நின்றார். ஷ்ரேயா தன் போனில் உள்ளே நுழைந்தாள். மூன்று பேர் திரையில் காத்திருந்தார்கள். பேசுவதற்கான மைக் பொத்தான் எங்கே இருந்தது? திரையின் அடியில், அந்த ஒரு விரல் அகலத்துக்குள். அழுத்தினாள், குத்தினாள், எச்சில் தொட்டுத் தேய்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் கேள்வி கேட்டார்கள், இவள் வாயசைத்தாள். கடைசியில் ஒரு தாளில் 'என் மைக் வேலை செய்யவில்லை' என்று பெரிதாக எழுதிக் கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். கேமராவில்தான் டிசம்பர் மாதமாயிற்றே! அவர்களுக்கு வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நாலு நிமிஷத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

பிள்ளை அழவில்லையாம். தாளை நாலாக மடித்து மேஜையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். இதைக் கேட்டபோது மாசிலாமணிமேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஆனால் அந்த மூவரில் ஒருவர் நல்லவர். மாலையில் மெயில் வந்தது: வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இன்னொரு வாய்ப்பு, இதுவே கடைசி. மாசிலாமணி படியிறங்கி என்னிடம் வந்தார்.

"சார், வியாழக்கிழமைக்கு மட்டும் உங்க லேப்டாப்..."

"அது ஆபீஸ் லேப்டாப் சார். வியாழக்கிழமை என்கூட ஆபீஸுக்குப் போகும். வாங்க, நாளைக்கு நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடைத்தெருவுக்குப் போவோம்," என்றேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் காவலுக்குத்தான்.

புதன்கிழமை சாயங்காலம் மாசிலாமணி, ஷ்ரேயா, நான் மூவரும் மெட்ரோவில் போனோம். தகப்பனார் தலைகுனிந்து வந்தார். ஆசாமி திருந்திவிட்டார் என்றே நம்பினேன். கடையில் ஷ்ரேயா ஐந்து நிமிஷத்தில் ஒரு லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தாள். அவர் போட்டு வைத்திருந்த கட்டத்தில் அதுதான் முதலிடம். கார்டை வெளியே எடுத்தும்விட்டார். அப்போதுதான் கடைக்காரர், யோக்கியமான மனுஷன், ஒரு நல்ல வார்த்தை சொன்னார்.

"ஏக் பாத் போலூம் சாப், ஒண்ணு சொல்லட்டுமா? அடுத்த மாசம் இதுலயே நயா மாடல் வருது."

மாசிலாமணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு நாளாகச் செத்திருந்த முகம் பளிச்சென்று எரிந்தது. கார்டு பிடித்த கை அந்தரத்தில் நின்றது.

"கோன்சி தாரீக்?" என்றார். எந்தத் தேதி?

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஷ்ரேயா அப்பாவின் விரல்களுக்கிடையிலிருந்து கார்டை மெதுவாக உருவிக் கடைக்காரரிடம் நீட்டினாள். "பையா, பேக் கர் தோ," என்றாள். கட்டிக் கொடுத்துவிடுங்கள் அண்ணா. பிறகு அப்பாவைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அப்பா, என் இன்டர்வியூ நாளைக்கு. நாளைக்கு எந்த மாடலும் வரல."

மாசிலாமணி மனசுக்குள் இரண்டு பஞ்சாங்கத்தையும் புரட்டினார். ஷ்ராத்தும் இல்லை, ஆடியும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை. ரகசிய எண்ணை அழுத்தினார்.

வியாழக்கிழமை அந்தப் பெண்ணின் குரல் பெங்களூர் வரை கணீரென்று கேட்டது. வேலை கிடைத்தது. எங்கள் பிளாக் முழுக்க லட்டு கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து ஷ்ரேயா பெங்களூர் போய்ச் சேர்ந்தாள். முதல் நாளே, அங்கிருந்து ஒரு போட்டோ அனுப்பினாள். மாசிலாமணி அதை எடுத்துக்கொண்டு தடதடவென்று படியிறங்கி வந்தார். மகளின் பெருமையைக் காட்ட வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். முகத்தில் பெருமை இல்லை. பர்ஸைத் தொலைத்தவர் முகம்.

"பாத்தீங்களா சார்? கம்பெனிக்காரனே புது லேப்டாப் குடுத்திருக்கான். ஒரே ஒரு மாசம் பொறுத்திருந்தா நாம வாங்கியிருக்கவே வேண்டாம்!"

அந்த லேப்டாப் இல்லாவிட்டால் இந்த வேலையே இல்லை, வேலை இல்லாவிட்டால் இந்த லேப்டாப்பே இல்லை என்று அவருக்கு விளக்க வாயெடுத்தேன். எடுத்தவன், ஒரு வினாடி தயங்கினேன். அந்த ஒரு வினாடியில் என் மனசு என்ன சொன்னது தெரியுமா? 'அட, அவர் சொல்வதும் நியாயம்தானே!'

என்னைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இரண்டு வரிக்கு மேலே, அவர் அதைச் சொன்ன இடத்தில், உங்கள் தலையும் 'ஆமாம்' என்று லேசாக ஆடியதே, அதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டீர்களா?